சித்தாரா அக்காவின் கறுப்புக் காய்கள்

வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் சித்தாரா அக்கா என்னைத் தோற்கடித்துவிட்டார். தோற்பது எனக்குப் புதிதல்ல. தோற்ற விதம்தான் தூக்கிவாரிப் போட்டது.

2001ஆம் ஆண்டு அது. ஏனாத்தூரில் கணிதம் படித்து முடித்து, கண்ட கண்ட வேலைக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். செஸ் விளையாடக் கற்றதும் கல்லூரியில்தான், அதுவும் புத்தகத்தைப் பார்த்து. 'பலகையின் நடுவைப் பிடி' என்பது அந்தப் புத்தகத்தின் முதல் பாடம். எதைப் பிடி என்று சொல்லிக்கொடுத்தார்களோ அதைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அந்தப் பாடத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

சித்தாரா அக்காவுக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் வளையல் கடை. கல்யாணப் பட்டு எடுத்த கையோடு பெண்கள் ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். அக்கா துணியை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னாலிருந்து பொருத்தமான நிறத்தை உருவி எடுப்பார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். ஆம்பூருக்குக் கல்யாணமாகிப் போய், கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்தவர். ஏன் என்று கேட்டவர்களிடம் "புடிக்கல" என்பார். அதற்கு மேல் யாராலும் ஒரு வார்த்தை வாங்க முடிந்ததில்லை.

கடைக்குள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு செஸ் பலகை இருந்தது. அக்காவும் தம்பி ஷோயபும் மத்தியானத்தில் ஆடுவார்கள். அம்மாவுக்கு வளையல் வாங்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன்.

"கறுப்பு எனக்கு. நீ ஆரம்பி" என்றார் அக்கா.

நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அக்கா புருவத்தைத் தூக்கினார்.

"ரெண்டு கட்டமா?"

"முதல் தடவை ரெண்டு வைக்கலாம்க்கா. அதான் சட்டம்."

"உங்க ஊட்டு சட்டமா? சரி, வெச்சிக்கோ. எங்க ஊட்ல ஒண்ணுதான்."

ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். நான் இன்னொரு நடுச் சிப்பாயை வைத்தேன். அவர் இன்னொரு ஓரத்தில் ஒரு கட்டம். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏன்க்கா இப்டி வழி உட்டுக்கினே இருக்கீங்க? நடுவுல முழுசா நான் வந்துட்டேன் பாருங்க."

"வரட்டும்பா. தூரத்துல இருந்தா எப்டி வெட்டறது?"

அவருடைய இரண்டு பிஷப்புகளும், அவர் பாஷையில் இரண்டு ஒட்டகங்களும், ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து பலகையைக் குறுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு ஒரு சிப்பாயால் என் நடுவை லேசாகத் தட்டினார். நான் வெட்டினேன். வழி திறந்தது. ஓரத்திலிருந்த ஒட்டகம் பலகை முழுவதையும் கடந்து வந்து, மூலையிலிருந்த என் யானையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்படி ஒரு கோடு அங்கே இருப்பதையே நான் பார்த்திருக்கவில்லை.

"டீயைக் குடி, ஆறுது" என்றார் ஷோயப்.

அடுத்த ஆட்டத்தில் இன்னொரு அதிர்ச்சி. அக்கா தன் ராஜாவை எடுத்து, குதிரையைப் போல ஒரு தாவுத் தாவி மூலைப்பக்கம் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"என்னக்கா இது?"

"ராஜா ஒரு தடவ குதிக்கலாம். செக் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ. அது கூடவா உங்க சட்டத்துல இல்ல?"

ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் அப்படித்தான் ஆடிவந்திருக்கிறார்கள். சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம். ராஜாவுக்கு ஒரு தாவல். ராணிக்குப் பெயர் வஜீர். யானையோடு ராஜா இடம் மாறிக் கோட்டை கட்டும் வழக்கமே கிடையாது.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நடுவைத் தான் பிடிக்காமல் எதிராளியைப் பிடிக்கவிட்டு, தூரத்திலிருந்து தாக்கி உடைப்பதற்கு அதில் ஒரு பெயரே இருந்தது. அந்த வகை ஆட்டங்கள் சிலவற்றுக்கு 'இந்தியன்' என்று பெயர் வந்த காரணமும் இருந்தது: இந்தியாவில் சிப்பாயை ஒரு கட்டம்தான் நகர்த்துவார்கள். நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் என் கண்ணெதிரே நடந்தபோது அதை நான் அறியாமை என்று நினைத்தேன். புத்தகத்தில் பார்த்ததும் மரியாதை வந்துவிட்டது. இது என்ன படிப்பு?

மறுநாள் கடைக்கு ஓடினேன்.

"உங்க ஆட்டத்துக்குப் பேரு இருக்குதுக்கா. ஹைபர்மாடர்ன். அதிநவீனம்னு அர்த்தம்."

அக்கா வளையலைத் துடைப்பதை நிறுத்திவிட்டு ஷோயபைப் பார்த்தார். "கேட்டியா? நம்ம பாட்டனுக்குப் பாட்டன் நவீனமாம். அப்ப நீ ஏன்டா இன்னும் என்னாண்ட தோத்துக்கினு இருக்கற?"

அந்த வருடம் மாவட்டப் பெண்கள் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. முதல் இரண்டு பேரை மாநிலப் போட்டிக்கு நாகர்கோவிலுக்கு அனுப்புவார்கள். வயது வரம்பு இல்லை. நான்தான் அக்காவைச் சேரச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்திருந்தேன்.

"போறவங்க பேரை போர்டுல எழுதுவாங்களா?" என்று கேட்டார்.

"எழுதுவாங்க. ஊர்ப் பேரோட."

"ஆம்பூருக்குக் கட்டிக் குடுத்து அனுப்புனாங்க. அங்கேர்ந்து நானா வந்துட்டேன். கடைக்குச் சரக்கு வாங்க நானா மெட்ராஸ் போறேன், நானா வரேன். ஒரு தடவ, இந்தப் பொம்பளைக்கு ஆடத் தெரியும்னு நாலு பேரு சொல்லி அனுப்பி, அப்ப ஊரைத் தாண்டணும்பா."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து தினமும் சட்டம் படித்தார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். ராஜா குதிக்கக் கூடாது, கோட்டை கட்டலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சிப்பாயை மட்டும் கடைசிவரை ஒவ்வொரு கட்டமாகவே வைத்தார். "ரெண்டு வைக்கலாம்னுதானே சொல்ற? வெச்சே ஆவணும்னு இல்லியே."

கடைசிச் சுற்றுக்கு முன் அக்காவுக்கு மூன்று புள்ளி. அரைப் புள்ளி கிடைத்தால், அதாவது டிரா செய்தால் போதும், நாகர்கோவில் உறுதி. தோற்றால் அந்த இடம் வாலாஜாபாத் பெண் ஒருத்திக்குப் போய்விடும். எதிரே உட்கார்ந்தவள் லக்ஷணா. சின்னக் காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவி. எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து ஏற்கெனவே தேர்வாகிவிட்டவள். வெள்ளைக் காய் அவளுக்கு.

என் கடைசி ஆட்டத்தில் நான் அதற்குள் தோற்றுவிட்டு வந்து, பலகைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தேன். பக்கத்தில் லக்ஷணாவின் அப்பா தேவராஜன்.

"அந்த அம்மா ஒவ்வொரு கட்டமா வைக்கறாளே, ரெண்டு வைக்கலாம்னு யாரும் சொல்லித் தரலையா?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு சார்."

"அப்புறம்?"

"பாருங்க சார்."

லக்ஷணா நான்கு சிப்பாய்களை நடுவில் வரிசையாக நிறுத்தினாள், அன்று கடையில் நான் நிறுத்தியதைப் போலவே. அக்கா பின்னால் பதுங்கிக்கொண்டே போனார். பிறகு ஒரு தட்டு. இன்னொரு தட்டு. நடு சரிந்தது. ஓரத்து ஒட்டகம் கோட்டைக் கடந்து போய் வெள்ளை யானையை வெட்டியது. தேவராஜன் கயிற்றை இறுகப் பிடித்தார்.

ஒரு யானை லாபம். டிரா என்ன, ஜெயிக்கவே வேண்டிய ஆட்டம். ஒரே குறை, அக்காவின் ராஜா இன்னும் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. யானையை ஏற்கெனவே நகர்த்திவிட்டதால் கோட்டை கட்ட முடியாது. அவசரமும் இல்லை. ராணியை ஓர் ஓரமாக நகர்த்தியிருந்தால் போதும்.

அக்கா யோசித்தார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கையை நீட்டினார். ராஜாவை எடுத்து, குதிரை போலத் தாவி, மூலைப்பக்கம் வைத்து, கடிகாரத்தை அழுத்தினார்.

'அக்கா' என்று கத்தப் போய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

லக்ஷணா பலகையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடியும் பலகையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள். நடுவர் அந்தோணி வந்தார்.

"ஏம்மா, ராஜாவ இங்க எப்படி வெச்சீங்க?"

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் சார். கூடாதுன்னு தெரியும். கை போயிடுச்சி."

யாரோ சிரித்தார்கள். அந்தோணி ராஜாவைப் பழைய இடத்தில் வைத்தார். "தொட்டுட்டீங்க. ராஜாவைத்தான் ஆடணும்."

ராஜா போகக்கூடிய கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே போனால் வெள்ளைக் குதிரை ராஜாவையும் ராணியையும் ஒரே தாவலில் தாக்கும். அக்காவுக்கு அது தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா ராஜாவை அங்கே வைத்தார். குதிரை வந்தது. ராணி போயிற்று.

நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். புத்தகம் பார்த்து ஆடும் நான் இப்படி ஒரு தவறைச் செய்யவே மாட்டேன். அப்படி ஒரு ஆட்டத்தையும் என்னால் ஆட முடியாது. இரண்டும் அவருக்கு ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்றால், ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடச் சொல்ல நான் யார்? இவரைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தேனே, எதற்காக?

ராணி இல்லாமலும் அக்கா விடவில்லை. காய்களை ஒவ்வொன்றாக விலைபேசித்தான் கொடுத்தார். கடைசியில் அவரிடம் ராஜாவும், முன்னால் அடைபட்டு நகர முடியாத ஒரு சிப்பாயும்தான் மிஞ்சின. லக்ஷணாவிடம் ராணி இருந்தது. ஆனால் அவள் கடிகாரத்தில், நேரம் தீர்ந்ததைக் காட்டும் சிவப்புக் கொடி விழுகிற நிலையில் இருந்தது. அவள் பதற்றத்தில் ராணியை ராஜாவுக்கு மிக அருகே கொண்டுவந்து வைத்தாள். வைத்தவுடன் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. ராஜாவுக்கு செக் இல்லை. போக இடமும் இல்லை. சிப்பாயும் நகராது. ஸ்டேல்மேட். டிரா.

அக்கா நிமிர்ந்து லக்ஷணாவைப் பார்த்தார். "என்னாம்மா நீ, ராஜாவ இப்டி மூச்சு முட்ட அடைக்கக் கூடாதும்மா. வஜீரைத் திருப்பி வெச்சிட்டு ஒழுங்கா வேற ஆடு."

அந்தோணி குனிந்து பலகையைப் பார்த்தார். "ஆட்டம் முடிஞ்சிபோச்சு. டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி."

"டிராவா?" அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. ராணி போனபோது கூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. "சார், அந்தப் பொண்ணு ஜெயிச்சாச்சி. அவசரத்துல தப்பா வெச்சிட்டா. எங்க ஊட்ல இத ஆட்டம்னே சொல்ல மாட்டாங்க. திருப்பி வெச்சி ஆடச் சொல்லுவாங்க."

"வீட்டுச் சட்டம் வேற, இது வேறம்மா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "குழலி, இது திருட்டு இல்லியா?"

"சட்டம்க்கா."

"என் வஜீர் போச்சே, அது?"

"அதுவும் சட்டம்தான்க்கா."

ஹாலில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலாஜாபாத் பெண்ணின் அம்மா என்னவோ முணுமுணுத்தார். லக்ஷணா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்டு, பேனாவை அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாங்கவில்லை. தேவராஜன்தான் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "போடும்மா. என் பொண்ணு வச்ச தப்பு. அதை நீ ஏன் சுமக்கணும்?"

பேனா இன்னும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்தது. அக்கா மறுபடியும் உட்கார்ந்தார். அடைபட்டு நின்ற தன் ராஜாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டுவதைப் போல மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். தாளைத் தள்ளிவிட்டு லக்ஷணாவிடம் கேட்டார்:

"நாகர்கோவிலுக்கு பஸ்லயா கூட்டிக்கினு போவாங்க, ரயில்லயா?"