டப்பாவுக்குள் மாப்பிள்ளை

நான் செய்த நாலு சக்கர ரோபோவுக்கு இன்றுதான் வீட்டில் மரியாதை கிடைத்தது.

ஆப் எதுவும் வேண்டாம். லிங்க்கைத் திறந்தால் பிரவுசரிலேயே அதன் கேமரா வழியே பார்க்கலாம், மைக் வழியே கேட்கலாம், வண்டியை ஓட்டலாம். பிரான்சில் இருக்கும் அக்கா கணவருக்கு அனுப்பினேன். மாமா அங்கே பொத்தானை அமுக்க, பாகூரில் எங்கள் கூடத்தில் வண்டி நகர்ந்தது.

அம்மா துடைப்பத்தோடு வந்தார்.

"இன்னாடா இது, கால்ல வந்து இடிக்குது? பழைய இரும்புக்காரன் வரட்டும், தூக்கிப் போட்டுடறேன்."

"மாமாதாம்மா அங்கேர்ந்து ஓட்டுறாரு."

துடைப்பம் கதவுக்குப் பின்னால் போனது. முந்தானை தோளைச் சுற்றி வந்தது.

"வாங்க மாப்ள! நல்லா இருக்கீங்களா?" என்று ரோபோவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மாமா வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. என் அறையில் உட்கார்ந்தபடி நானே வண்டியை அடுப்படிக்கு ஓட்டினேன்.

அம்மா குனிந்து அதனிடம் ரகசியமாகச் சொன்னது என் போனில் தெளிவாகக் கேட்டது.

"நீங்களாச்சும் அவனுக்குப் புத்தி சொல்லுங்க மாப்ள. எந்நேரமும் இந்த டப்பாவையே கட்டிக்கிட்டு அழுவுறான்."

வண்டி இன்னும் அடுப்படியிலேயே நிற்கிறது. மாப்பிள்ளை சார்பில் நான் என்ன பதில் சொல்லட்டும்?