பள்ளத்தில் உட்கார்ந்த பெரியவர்

எங்கள் காரைக்குடி வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. தானாக விழுந்ததல்ல, காசு கொடுத்து வெட்டியது. சிவகங்கை இன்ஜினியர் ஒருவர் வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் காட்ட, அப்பா மயங்கிவிட்டார். மூன்று படி இறங்கினால் மூன்று பக்கமும் சிமெண்டு இருக்கை, அதன்மேல் மெத்தை. நடுவில் அசைக்க முடியாத சிமெண்டு மேசை.

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அப்பா அங்கேதான் இறக்கினார். சம்பந்தம் கூடினால் அத்தை கல்லூரியைப் பாதியில் விட வேண்டும். அப்பா சம்மதித்திருந்தார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

அத்தை பட்டுச்சேலையில் வந்து படி விளிம்பில் நின்றாள். விழுந்து கும்பிட வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. படியோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இடுப்புயரத்தில் இருந்தன அத்தையின் பாதங்கள். உள்ளே இறங்கி விழவோ, மேசை இடம் விடவில்லை.

“பெரியவக தலைக்கு மேல நின்னுக்கிட்டு என்ன கும்பிடு?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா பெரியவர் பக்கம் குனிந்தார். “ஐயா, செத்த மேல ஏறி வாரீகளா?”

“இறங்கையிலயே மூட்டு ரெண்டும் அழுதுச்சு. ஏத்துறதுக்குக் கிணத்துக் கப்பி வச்சிருக்கீகளா?” என்றார் பெரியவர். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அத்தையின் தோளை அழுத்தினாள். அத்தை நின்ற இடத்திலேயே மண்டியிட்டுக் குனிந்தாள். விழுகிறவர்களின் உச்சந்தலையை மட்டுமே பார்த்துப் பழகிய பெரியவருக்கு, அவள் முகம் ஒரு முழத்தில், நேருக்கு நேராகத் தெரிந்தது. கன்னம் நனைந்திருந்தது. ஆசீர்வதிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது. ஏதோ மெல்லக் கேட்டார். எதிர்ப்பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அத்தை அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். “வந்தவுகளக் குழியில எறக்குற வீடு நமக்கு ஒத்துவராதுப்பா. எந்திரிங்க, போவோம்.”

இரண்டு பேர் அவரைத் தூக்கி மேலேற்றினார்கள். அந்த வாரமே அப்பா மணல் கொட்டிப் பள்ளத்தை மூடினார். இன்ஜினியரைத் திட்டுவதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை. பள்ளம்தான் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தது என்று நானும் பல வருடம் நம்பினேன்.

ஆனால் அன்று வாசலில் அத்தை எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினாள். பெரியவரின் செருப்பைத் திருப்பி, அவர் கால் நுழைக்க வாகாக வைத்தாள். நம்மை அவமானப்படுத்திவிட்டுப் போகிறவருக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்குக் கோபமாக வந்தது.