மானுபில்லி வந்த வீடு

மரநாயைப் பற்றி யாராவது பரிந்து பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அது பழம் தின்று காடெல்லாம் விதை பரப்புகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பரப்பட்டும். எங்கள் வீட்டுச் சுவர்மேல் அது பரப்பிவிட்டுப் போனதைத் தினமும் காலையில் கழுவியவள் நான். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, கரிய முகம், உடம்பு நீளத்துக்கு வால். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லைப் பனைமரத்திலிருந்து எங்கள் ஓட்டுக்கூரைக்கு அது சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்து போகும். ஓடு சரியும், வாழைத்தார் பாதியாகும், மூத்திர வாடையில் அடுப்பங்கரையில் நிற்க முடியாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். கோழிக்குஞ்சில் வாய் வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் குஞ்சுகள் அக்காவுக்காக வளர்ந்தவை. முதல் பிரசவத்தில் அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. ரத்தம் ஏகமாய்ப் போய், எலும்பும் தோலுமாகப் பிழைத்து எழுந்தவள், இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இந்தத் தடவை நாட்டுக்கோழிச் சாறு வைத்துக் கொடுத்து அவளை எழுப்பி நடக்க வைத்துவிடுவது என்று அம்மா பதினொரு குஞ்சுகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். அக்காவுக்கு எட்டாம் மாதம் பிறந்தபோது ஏழுதான் இருந்தன.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா செய்யாத வைத்தியம் இல்லை. குஞ்சு கவிழ்த்த கூடைமேல் அம்மிக்கல்லை ஏற்றினார். பனைமரத்தைச் சுற்றி முள் கட்டினார். தகர டப்பாக்களில் கூழாங்கல் போட்டுக் கூரையோரம் தொங்கவிட்டார். காற்றடித்தால் டப்பா குலுங்கும், நாய் குரைக்கும், வீடே எழுந்து உட்காரும். மரநாய் வந்த அன்று மட்டும் டப்பாவும் பேசாது, நாயும் பேசாது.

"வேளாவேளைக்கித் துன்னுட்டு தூங்கிக்கினுகீது பாரு" என்று நைனா நாயைத் திட்டுவார். அம்மா நைனாவைத் திட்டுவாள்.

அப்போதுதான் எங்கள் ஊரை மதராஸிலிருந்து பிரித்து ஆந்திராவில் சேர்த்திருந்தார்கள். எல்லைப் போராட்டத்தில் ஊர்வலம் போய் இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தவர் நைனா. ஆனாலும் கோடு ஊரைத் தாண்டித்தான் விழுந்தது. அன்றிலிருந்து, "அந்த பாஷை இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது" என்பது வீட்டுச் சட்டம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்கு வாத்தியார் வந்துவிட்டார். எனக்கு அந்த பாஷை நாலே மாதத்தில் ஒட்டிக்கொண்டது. குஞ்சுகள் போன கதையை அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"ஓ, மானுபில்லி" என்றார். தெலுங்கில் மானு என்றால் மரம், பில்லி என்றால் பூனை. காட்டிலாகா சாவடியில் அதைப் பிடிக்கிற கூண்டு இருக்கிறது, சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

இரண்டு நாளில் காட்டிலாகா ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. நைனாவைப் பார்த்து, "மீ இன்ட்லோ மானுபில்லி உந்தன்ட்டா?" என்றான்.

நைனா காதில் விழுந்தது மான்புள்ளை. மான்குட்டியை வீட்டில் மறைத்து வைத்திருக்கிறாயா என்று கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்து ஊரில் மான்கறி வைத்திருந்த ஒருவரை அந்த மாதம்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"மானும் இல்ல, மயிலும் இல்ல. எவன் சொன்னது உனுக்கு? ஊட்டுக்குள்ள பூந்து பாரு, வா" என்று எகிறினார். வந்தவனுக்கு 'இல்ல' மட்டும் புரிந்தது. "லேதா? சரே" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூண்டு வந்திருக்கும். சொன்னால், வாத்தியாரிடம் தெலுங்கில் வீட்டுக்கதை பேசியது தெரிந்து முதுகுத்தோல் உரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அந்த வாரமே இன்னும் நாலு போயின. அம்மா இறகுகளைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். "இந்த மூணும் பூட்டா பொண்ணுக்கு இன்னாத்த வச்சிக் குடுப்பேன்? போன தபா மாதிரி அவ கெடந்தா என்னால பாக்க முடியாதுய்யா."

அதற்குமேல் என்னாலும் முடியவில்லை. "நைனா, மானுன்னா மரம். அவன் கேட்டது மரநாயத்தான்" என்று சொல்லிவிட்டு அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. சாயங்காலம் வேர்க்கடலைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி, "கூண்டு வேணும்னு அவன் பாஷையில எப்டி கேக்கறது?" என்றார்.

"மா இன்ட்டிகி மானுபில்லி வஸ்தா உந்தி, போனு இய்யண்டி" என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மரநாய் வருகிறது, கூண்டு கொடுங்கள் என்று அர்த்தம். நைனா "போனு இய்யி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"இய்யின்னா குடுன்னு அர்த்தம் நைனா. இய்யண்டின்னாதான் குடுங்கன்னு அர்த்தம்."

"அந்தப் பொடியனுக்கு 'ங்க'வா?"

"அப்டிக் கேட்டாதான் குடுப்பான்."

ஒரு பிடி களையைப் பிடுங்கி வரப்பில் வீசினார். பிறகு மறுபடி ஆரம்பித்தார். அண்டி அவர் வாயில் ஆண்டியாகிவிட்டது. "போனு இய் ஆண்டி" என்றார். நான் கடலைச்செடிகள்மேல் விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மறுநாள் அதை முணுமுணுத்துக்கொண்டே சாவடிக்கு நடந்து போனார். மத்தியானம் கூண்டைத் தலையில் சுமந்து வந்தார். எப்படிக் கேட்டாய் என்று அம்மா கேட்டதற்கு, "கேட்டேன், குட்த்தான்" என்றார். மூன்றாம் நாள் காலையில் மரநாய் வாழைப்பழத்தோடு கூண்டுக்குள் உட்கார்ந்து எங்களையே குற்றவாளிகள் மாதிரி பார்த்துச் சீறியது. அதைக் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விட்டார்கள். மூன்று கோழிகளும் பிழைத்தன. அக்கா பெண்பிள்ளை பெற்றாள், சாறு குடித்தாள், பதினைந்தாம் நாள் தானே எழுந்து தண்ணீர் சேந்தினாள்.

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மதராஸிலேயே தங்கிவிட்ட மாமன்மாரும் வந்திருந்தார்கள். நைனாவோடு ஊர்வலம் போனவர்கள். பந்தி நடக்கும்போது நான் நடுவில் போய் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "போனு இய் ஆண்டி" என்று நைனா மாதிரி நடித்துக் காட்டினேன். கைகூப்பியது என் சொந்தச் சரக்கு. பந்தியே சிரித்தது. நைனாவும் சிரித்தார். பிறகு பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பசியில்லை என்று நினைத்தேன். மாமன்மார் இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். கிணற்றடியில் நிற்கிற நைனாவுக்கும் கேட்கட்டும் என்று, இன்னும் சத்தமாகச் செய்தேன்.