தலை சீவாத காடு

"பட்டாசுக்குத் திரி வெட்டுன வீட்டுப் பிள்ள, உழாம வெதைக்கப் போறாளாம்ல! அங்கன வெடிதான் முளைக்கும்."

வெம்பக்கோட்டைப் பக்கம் எனக்குக் காடு குத்தகைக்கு விட்ட அண்ணாச்சி, என் அம்மாவை நிறுத்தி வைத்துச் சொன்னது இது. ஊர் சிரித்தால் காட்டைப் பிடுங்கிவிடுவேன் என்றும் சொன்னார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது நான், படித்தது விவசாயம். அந்தச் சரிவான கரிசல் காடு கையை விட்டுப் போனால், எனக்கும் கம்பெனி வேன்தான்.

எங்கள் பக்கம் நல்ல சம்சாரி, அதாவது விவசாயி, என்றால் மாவு மாதிரி உழுதிருக்க வேண்டும். உழவுச் சால் நேராக ஓட வேண்டும். நேராக என்றால், மேட்டிலிருந்து ஓடையைப் பார்த்து. டிராக்டர் அடிக்கடி திரும்ப வேண்டாம். ரோட்டில் போகிறவனுக்கும் அழகாகத் தெரியும். மழைத் தண்ணீருக்குத் தானே வழி வெட்டிக் கொடுத்துவிட்டு, மண் போச்சே என்று வானத்தைத் திட்டுவார்கள்.

நான் அறுத்தபின் நின்ற பழைய மக்காச்சோளத் தட்டையை உழாமல் அப்படியே விட்டேன். சரிவுக்குக் குறுக்கே, விதை விழும் கோட்டை மட்டும் கீறி விதைத்தேன். காலையில் கம்பெனி வேன் அந்த வழியாகப் போகும். உள்ளிருந்து பெண்கள் கத்துவார்கள்.

"ஏ பிள்ள, காட்டுக்குத் தலை சீவி விடலையா?"

"சும்மா இருடி, அது காலேசுக் காடு. அப்பிடித்தான் ஸ்டைலா இருக்கும்!"

அம்மா அதே வேனில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்தில் அண்ணாச்சி உழுது வைத்திருந்த சொந்தக் காடு, விதையோடு ஓடையில் இறங்கியது. என் காட்டில் தண்ணீர் தட்டையில் முட்டி நின்று மண்ணுக்குள் போனது. வேனில் கேலிச் சத்தம் நின்றது.

அறுவடை முடிந்ததும் அண்ணாச்சி வந்தார். "அந்தக் காட்டு மண்ணு அப்பிடித்தா, யாரு போட்டாலும் வெளையும். இனிமே நானே பாத்துக்கிடுதேன்."

ஊர் சிரித்தால் பிடுங்குவேன் என்றவர், ஊர் சிரிப்பை நிறுத்தியதும் பிடுங்கினார்.

இந்த வருடம் அவர் அதை உழவில்லை. கேட்டால், "டிராக்டர் டிரைவர் பய கம்பெனி லோடு அடிக்கப் போயிட்டாம்ல" என்கிறார். உழவைக் குறைத்த இன்னொருவருக்கு டீசல் விலை, வேறொருவருக்கு முதுகுவலி. மண்ணுக்காக என்று ஒருவர் வாயிலும் வராது. சொன்னால் என்னைப் பார்த்துச் செய்ததாகிவிடுமே! உழவைக் குறைக்கச் சொல்லி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திய வேளாண் அதிகாரிகளோ தங்கள் பேச்சால் வந்த மாற்றம் என்று பூரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் வடைக்கு வந்தவர்கள்.

நான் சண்டை போடவில்லை. அண்ணாச்சியிடம் மண் போன அந்தப் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்குக் கேட்டேன். "அதுவா? தாராளமா எடுத்துக்கத்தா" என்று சிரித்தார். மண்தான் காரணம் என்றவர், இந்த மண்ணில் விளையும்போது என்ன சொல்வார் என்று பார்க்க வேண்டும். இந்த முறை வாய்ப்பேச்சு இல்லை. ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். சரிவுக்குக் குறுக்கே முதல் வரப்பைப் போட்டு, அதன்மேல் மண்ணைப் பிடித்து நிற்கக் கொழுக்கட்டைப் புல்லும் நட்டாயிற்று.