நான் மறந்த இரண்டு

வங்காளத்தின் சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்பில் நான் ஒருவன்தான் தமிழன். மீன் சாப்பிடாதவனும் நான் ஒருவன்தான். வங்காளப் புத்தாண்டு விருந்துக்கு முன்னால் நடக்கும் வினாடி வினாவை இந்த முறை என்னிடம் விட்டிருந்தார்கள்.

கடைசிக் கேள்வியாக, அடுத்தடுத்த நான்கு பகா எண்களைக் கூட்டினால் பகா எண் வருமா என்று கேட்டேன்.

"வரும்" என்றார் கீழ்வீட்டு அண்ணி. வங்காளியில் எல்லோருக்கும் அவர் பௌதி; அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணன்.

"எப்படி பௌதி வரும்? நாலு ஒற்றைப்படையைக் கூட்டினா இரட்டைப்படைதானே!" என்று மைக்கிலேயே மடக்கினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோப்பையை எதிரணிக்குக் கொடுத்துவிட்டேன்.

விருந்தில் மீன் பரிமாறிக்கொண்டிருந்த பௌதி, எனக்கு மட்டும் ஒரு மூடிய தட்டைக் கொண்டுவந்தார்.

"தாதா, இதுல மீன் கரண்டி படல. நீங்க ஒருத்தர் இருக்கீங்களேன்னு முதல்லயே தனியா செஞ்சுட்டேன்."

முதல் கவளத்திலேயே உறைத்தது. பகா எண்களிலும் ஒரே ஓர் இரட்டைப்படை உண்டு. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. கூட்டினால் பதினேழு, அதுவும் பகா எண்தான்.

எச்சில் கையென்றும் பாராமல் மைக்கைப் பிடித்து, "பௌதி சொன்னதுதான் சரி" என்றேன். எதிரணி சிரித்துக்கொண்டே கோப்பையைப் பௌதியிடம் நீட்டியது.

மற்றவற்றைப்போல் இல்லாத அந்த ஒன்றை நான் கணக்கிலேயே விட்டிருந்தேன். அவரோ அடுப்பு மூட்டும்போதே நினைத்திருக்கிறார்.