அம்மாவின் கண்ணைத் திறந்தவர்

கோபாலபுரத்து வீட்டில் மாடியறையிலிருந்து இறங்கும் டர்பன்டைன் நெடி சாம்பாரில்கூட ஏறியிருக்கும். ஆனால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, ஏனென்றால் மேலே சித்தப்பா ‘கலை’ செய்துகொண்டிருந்தார். ஓவியக் கல்லூரியில் படித்தவர், ஒன்பது வருடம் அம்மா கையால் சாப்பிட்டவர், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகும்போதும் கலைக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டே போவார்: “தெரிஞ்சதைச் செய்யறவன் தொழிலாளி, தெரியாததைத் தேடறவன் கலைஞன்.” அவர் தேடியது பெரும்பாலும் இரண்டாவது காபியைத்தான்.

எனக்குப் பத்து வயதில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். காரியத்துக்குப் பூமாலை போட ஒரு படம் தேடியபோதுதான், அவள் கண் தெரிகிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. கல்யாணப் படத்தில் தலை குனிந்திருந்தாள். பிறகு எடுத்த ஒரே படத்தில் ஃபிளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியிருந்தாள். “நீ வரைஞ்சு குடுடா” என்று அப்பா கெஞ்சினார்.

“முகத்தை அச்சு அசலா வரையறது வெறும் கைவேலைண்ணே. நான் அண்ணியோட இழப்பைத்தான் வரைய முடியும்.”

வரையவும் செய்தார்: சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பானை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல மாலையை எங்கடா போடறது?” என்றார்.

தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலிருந்த ஸ்டுடியோவுக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எப்படிக் கெடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று சித்தப்பாவும் வந்தார். அங்கே படங்களுக்கு ‘டச்சப்’ செய்பவர், மூடிய கண்ணைத் தூரிகையால் திறந்துவிடலாம் என்றார். கண் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஆழமான கண்ணு. அதுல ஒரு மௌனமான சோகம்…” என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

“அது கெடக்கட்டும் சார். ரெப்பைமேல மடிப்பு இருக்குமா, இருக்காதா?”

ஒன்பது வருடம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட கலைஞர் சுவரைப் பார்த்தார்.

டச்சப்காரர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா அம்மா ஜாடையா கீது. இப்டி ஜன்னலாண்ட வந்து குந்தும்மா. இன்னாத்துக்கு அழுவுற? நீ அழுதா ரெப்பை வீங்கிடும், அப்பால அம்மாக்கும் வீங்கிப்பூடும்.”

நான் அழுகையை விழுங்கிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்ததும் சொந்தக்காரர்கள் அதன் முன்னால் நின்று கதறினார்கள். “உயிரோட பாக்கறா” என்றார் அத்தை. சித்தப்பா மட்டும் “நல்ல கைத்தொழில்” என்றார். அந்த ‘நல்ல’ என்ற சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது அந்தப் படம் திருவான்மியூரில் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் மகள் ஓவியம் படிக்கிறாள். சித்தப்பாவின் வாய் இவளுக்கும் வந்துவிடுமோ என்று எனக்கு எந்நேரமும் பயம். போன வாரம் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, “இதைச் செஞ்சவருக்குக் கை ரொம்ப சுத்தம்மா” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. “ஆனா இது பெரியவங்க கண்ணே இல்லையே. அழுகையை அடக்கிட்டிருக்கற சின்னப் பொண்ணு கண்ணு மாதிரி இருக்கு. பாட்டி கண்ணு நிஜமா எப்படி இருக்கும்?”

அப்பா இல்லை, அத்தை இல்லை, கேட்டுச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. அன்றிலிருந்து யோசித்துக்கொண்டேயிருக்கிறேன். அம்மா என்று நினைத்தவுடன் எனக்கு நினைவில் வருவது, ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கொடுத்த கண்தான்.