சந்திரவல்லி நேராக்கிய சுவர்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சந்திரவல்லிக்குக் கோணல் என்றாலே ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சாய்ந்து தொங்கும் காலண்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் இலையில் உட்காருவாள். பிழைப்பும் அதற்குத் தோதாக வாய்த்துவிட்டது. குரங்கணியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் வருகிற படங்களில் ஒன்றாவது நேராக இருக்குமா? சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்துக்கொண்டு எடுத்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் கேரளாப் பக்கம் உருண்டு போகிற மாதிரிதான் விழுவார்கள். சந்திரவல்லி படத்துக்குள் ஒரு சுவரையோ கதவு நிலையையோ தேடிப் பிடிப்பாள். கம்ப்யூட்டரில் அதன் ஓரமாக ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோடு செங்குத்தாகும்வரை மொத்தப் படமும் தானே திரும்பிக்கொள்ளும். மூலைகளை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

அன்று காலையிலும் மலையிலிருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவள் ராமுத்தாய், சந்திரவல்லியின் அண்ணன் மனைவி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். குடியிருப்பதும் தோட்டத்து லயத்தில்தான், கூலிக்காரர்களுக்கென்று கட்டிவிட்ட வரிசை வீடுகளில். கூடவே குரலும் அனுப்பியிருந்தாள். "மொதலாளிக்கு எங்க செவுத்தக் காட்டணும் வல்லி. அவருக்குப் போன்ல பாத்தா கண்ணு தெரியாதாம். பெருசா பிரிண்டு போட்டு அவரு கடையில வெரசா குடுத்துரு."

தீபாவளி நெருங்கினால் லயத்துக்காரர்கள் அழுக்குச் சுவரைக் காட்டி வெள்ளையடித்துத் தரச் சொல்லிக் கேட்பது வழக்கம். இதுவும் அதுதான் என்று சந்திரவல்லி முடிவு கட்டிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கல்யாண ஆல்பம் ஒன்று கழுத்தை நெரித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. சுவரோரம் கோடு இழுத்தாள். படம் நிமிர்ந்தது. வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டினாள். மத்தியானம் சாப்பிடப் போகும் வழியில் முதலாளி வெள்ளைத்துரையின் ஏலக்காய்க் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது ராமுத்தாய் கூப்பிட்டாள். குரல் அறுந்து அறுந்து வந்தது.

"என்ன படத்தக் குடுத்த வல்லி? செவுரு நேராத்தான நிக்கிது, எதுக்குப் பயப்படுறீகன்னு மொதலாளி சொல்லிட்டாராம். நேத்து மழையில பின்செவுரு சாஞ்சிருச்சுன்னுதான் புள்ளகுட்டியோட ஸ்டோர்ல வந்து படுத்தோம். காய் காயவைக்க ஸ்டோரு வேணுமாம். எல்லாரும் லயத்துக்குப் போங்கன்னு கங்காணி எங்க சாமானத் தூக்கி வெளிய வைக்கிறாரு."

"மதினி, உள்ள போயிராதீக. நான் சொல்றதக் கேளுங்க…"

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன்.

அசல் படத்தைத் திறந்தாள். பின் தாழ்வாரத்துப் பல்பு ஒயரில் நேராகத் தொங்கியது. சுவர்தான் வயிறு தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் திருத்திய படத்தில் சுவர் நிமிர்ந்து நின்றது. பல்பு சாய்ந்து தொங்கியது. மலையிலிருந்து அதிசயமாக ஒரு படம் கோணலில்லாமல் வந்திருக்கிறது. அதைப் போய்க் கோணலாக்கி, இத்தனை பேரை அந்தச் சுவருக்குக் கீழே அனுப்பியிருக்கிறாள்.

அசலை அப்படியே பிரிண்ட் எடுத்துப் பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

வெள்ளைத்துரை இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஏமாற்றப்படுகிறோம் என்று தோன்றிவிட்டால் மனிதர் கல்லாகிவிடுவார்.

"மத்தியானம் நேரா இருந்த செவுரு, சாயங்காலம் சாஞ்சிருச்சாக்கும்."

"தப்பு என்னுதுங்கய்யா. கோணப் படம்னு நெனச்சு நாந்தான் திருப்பிட்டேன். இதுதான் அசலு."

"அசலுன்னு நீ சொல்ற. செவுர நேராக்கத் தெரிஞ்ச ஒனக்குச் சாய்க்கத் தெரியாதாத்தா? ராமுத்தாயி ஒனக்கு அண்ணன் பொண்டாட்டின்னு எனக்கும் தெரியும்."

சந்திரவல்லியின் வேலையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கடைத் தகரத்தில் மழை ஓங்கி அடித்தது. மலை இருந்த திசையே தெரியவில்லை.

"மத்தியானப் படத்துல அந்தப் பல்பப் பாருங்கய்யா. ஒயரு எப்பிடிச் சாஞ்சு நிக்கிது."

"காத்துல ஆடியிருக்கும்."

சந்திரவல்லி குனிந்து படத்தை விரலால் துழாவினாள். பல்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம். கூரைத் தண்ணீர் பிடிக்க வைத்தது. உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டம் மங்கலாக வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி.

"இது காத்துல ஆடுமாய்யா? டிரம்மு சாஞ்சாலும் தண்ணி சாயாதுல்ல."

வெள்ளைத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மத்தியானப் படத்தின் ஒரு மூலையைப் பிடித்து மேசையிலேயே மெல்லத் திருப்பினார். தண்ணீர் மட்டமானது. பல்பு நேராகத் தொங்கியது. சுவர் சாய்ந்தது. மற்றப் படத்தில் எவ்வளவோ அவ்வளவு.

அவர் போனை எடுத்தார். கங்காணிக்குப் போகவில்லை. மறுபடி அடித்தார். போகவில்லை. சந்திரவல்லி நின்றபடியே தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கடைசியில் மணி போனது.

"ஒருத்தரும் லயத்துக்குள்ள போகக் கூடாது. காய் கெட்டாலும் கெடட்டும், ஸ்டோரத் தொறந்து விடு."

ஸ்பீக்கரில் கங்காணியின் குரல் கேட்டது. "இன்னும் யாரும் போகலய்யா. ராமுத்தாயி லயத்து வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறா. போட்டோவ நம்புவீகளா, என் கண்ண நம்புவீகளான்னு ஒரே சண்ட."

சந்திரவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் ராமுத்தாய் இன்னொரு படம் அனுப்பினாள். படம் ஏகத்துக்கும் சரிந்திருந்தது. நேராக்கலாமென்று சந்திரவல்லி பழக்கத்தில் மவுஸைப் பிடித்து, கோடு இழுக்கச் சுவரைத் தேடினாள். கட்டில்களின் மேல் கல்லும் மண்ணும்தான் கிடந்தன. சுவர் இல்லை. படத்தைத் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டாள்.